நடுவில் இருந்த அட்டையை எடுத்தார்கள்

இரண்டு மூன்று வருடங்களுக்கு முன், ஒக்டோபர் மாதத்து ஒரு சனிக்கிழமை. டென்மார்க்கில், ஹேர்னிங் நகரத்தில் இருந்து காரில் கொஞ்சத் தூரம் போனால் வரும் ஒரு சிறிய ஊரின் தமிழ்ப் பாடசாலையில் நடந்தது இது. பாடசாலை என்றால் எங்களுக்கென்று கட்டடம் இல்லை. வாரநாட்களில் டேனிஷ் பிள்ளைகள் படிக்கிற வகுப்பறைகளைச் சனிக்கிழமைகளில் எங்களுக்குத் தருவார்கள்.

நான் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். இயந்திரங்களின் சத்தத்தில் யாரும் யாரோடும் கதைக்கத் தேவையில்லை. அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். கலியாணம் செய்யவில்லை. சில இடம் பொருந்தி வரவில்லை, பிறகு வயதும் போய்விட்டது, அவ்வளவுதான். எனக்கு அது பெரிய குறையாகத் தெரிந்ததில்லை. மற்றவர்களுக்குத்தான் அது என்னைப் பார்த்தவுடன் ஞாபகத்துக்கு வரும்.

என் அண்ணன் மகன் படிக்கக் கோப்பன்ஹேகனுக்குப் போனபோது தன் இரண்டு பச்சோந்திகளையும் என் வீட்டில் கொண்டுவந்து வைத்தான். "இரண்டு மாசம் மாமி, பிறகு வந்து எடுக்கிறன்" என்றான். பிறகு அவனும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் கிழமை அந்தப் பக்கம் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. அடுத்த மாதம் வேலையால் வந்தவுடன் சப்பாத்தைக் கழற்ற முதல் அவற்றைத்தான் போய்ப் பார்ப்பேன். ஆணைப் பெரியவர் என்றும் பெண்ணைச் சின்னவ என்றும் கூப்பிடுவேன்.

பச்சோந்தி தொட்டு விளையாடுகிற பிராணி இல்லை. பார்த்துக்கொண்டிருக்கிற பிராணி. கையால் தூக்கினால் பயப்படும். மேலிருந்து குனிந்து பார்த்தால், பருந்து வருகிறது என்று நினைத்துப் பயப்படும். எல்லாவற்றையும் விட, அவை ஒன்றையொன்று பார்க்கக் கூடாது. அவை தனியே வாழப் பிறந்தவை. இன்னொன்று கண்ணில் பட்டாலே தன் இடத்துக்கு ஆபத்து வந்துவிட்டது என்றுதான் அவற்றுக்குத் தெரியும். இதை மருமகன் எனக்குப் பலமுறை சொல்லியிருந்தான். அதனால் பெரியவர் இருப்பறையில், சின்னவ என் படுக்கையறையில். இரண்டும் தனித்தனியே நன்றாக இருந்தன. நானும் அப்படித்தான் இருந்தேன்.

என்னோடு வேலை செய்யும் டேனிஷ் பெண் ஒருத்தியின் மகள் மூன்றாம் வகுப்பில் படித்தாள். அவள் தாய் சொல்லி, அந்த வகுப்பு ஆசிரியை தொலைபேசி எடுத்துப் பச்சோந்தியைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். பெரியவரை மட்டும் கொண்டுபோனேன். காரை முதலே சூடாக்கி, பெட்டியைத் துணியால் மூடி, அவர் வழக்கமாக இருக்கும் செடியையும் சட்டியோடு தூக்கிக்கொண்டு போனேன். எதற்குப் பயப்படும், எவ்வளவு நேரம் தாங்கும், வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்றெல்லாம் ஆசிரியை முன்கூட்டியே கேட்டிருந்தார். பிள்ளைகள் நிலத்தில் இருந்தார்கள். செடியை மேசையில் உயர்த்தி வைத்தோம். ஒருவரும் தொடவில்லை. பெரியவர் கடைசிவரை நல்ல பச்சையாகவே இருந்தார். முடிந்ததும் நன்றி சொன்னார்கள். அங்கே இருந்த நேரம் முழுவதும் நான் கோட்டைக் கூடக் கழற்றவில்லை. பெரியவருக்கு என்ன தேவை என்று எல்லாம் கேட்டவர்கள், என்னை ஒரு கதிரையில் இரும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அது பிழை என்று சொல்ல வரவில்லை. ஆனால் காரில் திரும்பி வரும்போது அது மனதில் இருந்தது.

எங்கள் ஆட்களிடையே செய்தி பரவ அதிக நாள் எடுக்காது. தமிழ்ப் பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ஒரு அக்கா என்னைக் கூப்பிட்டார். எங்கள் பகுதியில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. பாதிக் கலியாணங்கள் அவர் பேசி வைத்தவை. எனக்கும் ஒரு காலத்தில் இரண்டு இடம் கொண்டுவந்தவர்தான்.

"டேனிஷ்காரப் பிள்ளையளுக்குக் கொண்டுபோய்க் காட்டினனீராம். எங்கட பிள்ளையள் என்ன பாவம் செய்ததுகள்?" என்றார்.

"இல்லை அக்கா, எங்கட ஆக்களுக்கு முன்னால... வெக்கமாக் கிடக்கு."

"ஓணானுக்கோ உமக்கோ?"

நானும் சிரித்துவிட்டேன்.

"ரெண்டையும் கொண்டுவாரும். ஒண்டைக் கூட்டிக்கொண்டு வந்தா மற்றது வீட்டை இருந்து அழும்" என்றார்.

அது அழாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எங்கள் பிள்ளைகள், வெளியில் கொடுத்ததை விடக் கொஞ்சம் கூடக் கொடுக்க வேண்டும் என்று ஓர் ஆசை. ஒத்துக்கொண்டேன். தொடக் கூடாது, சத்தம் கூடாது, இரண்டுக்கும் நடுவில் மறைப்பு இருக்க வேண்டும், அதை எடுக்கவே கூடாது என்று சொன்னேன். மறைப்பைப் பற்றி இரண்டு முறை சொன்னேன். அக்கா எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றார்.

வேலைத்தலத்தில் கிடந்த பெரிய அட்டைப் பெட்டி ஒன்றை வெட்டி விரித்துக்கொண்டு போனேன். இரண்டு மேசைகள், இரண்டு செடிகள், நடுவில் கூரைப் பக்கம் வரை உயரமாக அந்த அட்டை. இந்தப் பக்கம் பெரியவர், அந்தப் பக்கம் சின்னவ.

முதல் அரை மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சந்தோசமாக இருக்கிறது. நான் கதைத்தேன். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காத நான், தமிழில் தொடங்கி, பிள்ளைகளுக்கு விளங்காத இடத்தில் டேனிஷுக்குப் போய், திரும்பத் தமிழுக்கு வந்து கதைத்தேன். ஒரு கண் முன்னாலும் மற்றக் கண் பின்னாலும் ஒரே நேரத்தில் பார்க்கும் என்றதும், "எங்கட அம்மாவும் அப்பிடித்தான்" என்றான் ஒருவன். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், சத்தம் போடக் கூடாது என்று நான் சொல்லியிருந்ததால். அவ்வளவு நல்ல பிள்ளைகள்.

இடைவேளைக்கு அக்கா என் கையைப் பிடித்தார். "போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாரும்."

"இதுகளை விட்டிட்டுப் போகேலாது அக்கா."

"நான் நிக்கிறன்தானே. பிள்ளையள் அசைய மாட்டினம். வந்த ஆளை வெறும் வயித்தோடை அனுப்பினா நாளைக்கு என்னைத்தான் கதைப்பினம்."

எங்கள் ஆட்களிடம் தேநீர் வேண்டாம் என்று சொல்வது லேசான காரியம் இல்லை. அது தேநீரை மறுப்பதாக இருக்காது, ஆளை மறுப்பதாகிவிடும். பெற்றோர் இருந்த அறைக்குப் போனேன். ஒருவர் கதிரை இழுத்துப் போட்டார். ஒருவர் என் கோட்டை வாங்கிக் கொளுவினார். தட்டில் ரோல்ஸும் பற்றிசும் கேட்காமலே வந்து விழுந்தன. எந்த ஊர், யாருடைய தங்கச்சி என்று விசாரித்து, அண்ணனைத் தெரியும் என்று ஒருவர் சொன்னார். "தனியவோ இருக்கிறியள்?" என்ற கேள்வியும் வந்தது. வழக்கமாக அந்தக் கேள்வி வரும்போது நான் நிலத்தைப் பார்ப்பேன். அன்றைக்கு, "இல்லை, வீட்டில ரெண்டு பேர் இருக்கினம்" என்று சொல்லிச் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள். எனக்கு நன்றாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அப்போதுதான் வகுப்பறையில் இருந்து கைதட்டல் கேட்டது.

போய்ப் பார்த்தேன். அட்டை சுவரோடு சாத்தி வைக்கப்பட்டிருந்தது. இரண்டு மேசைகளையும் தள்ளி ஒன்றாகச் சேர்த்திருந்தார்கள். செடிகளின் இலைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. பிள்ளைகள் எழும்பி நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் பெற்றோர் சிலர் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார்கள்.

சின்னவ கறுத்துப்போய் இருந்தாள். அந்தக் கறுப்பில் மஞ்சளும் நீலமுமாகப் புள்ளிகள் எரிந்தன. அப்படி ஒரு நிறத்தில் அவளை நான் ஒருநாளும் கண்டதில்லை. வாயைத் திறந்தபடி, பிடித்திருந்த கொப்பில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். பெரியவர் உடம்பை ஊதிப் பெருப்பித்து, கோடுகள் எல்லாம் பளிச்சென்று தெரிய, இலைகளுக்குள்ளால் அவளை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

"பாருங்கோ பிள்ளையள், பொம்பிளை கலியாணக் கூறை உடுத்திட்டா" என்றார் அக்கா. பிள்ளைகள் திரும்பக் கை தட்டினார்கள்.

"அக்கா, அட்டை" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். "அக்கா, அந்த அட்டையை வையுங்கோ."

"அதை விடும் பிள்ளை. பாவங்கள், ஒருத்தரையொருத்தர் பாக்கக்கூட விடாமல் மறைச்சு வைச்சிருக்கிறீர். இப்ப பாரும், என்ன சந்தோசம்."

"அது சந்தோசமில்லை அக்கா. பயம்."

அக்கா என் தோளில் கை போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "உமக்குத்தான் சோடி வேண்டாமெண்டா, அதுகளுக்குமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. எனக்குக் கதிரை இழுத்துப் போட்டவரும் அதே முகத்தோடுதான் சிரித்தார்.

அந்த நேரத்தில் சின்னவ கொப்பை விட்டாள். தப்ப வழி இல்லையென்றால் பச்சோந்தி அப்படித்தான், பிடியை விட்டுவிடும். காட்டில் என்றால் கீழே இலைகள் தாங்கும். அங்கே மேசை விளிம்பில் பட்டு நிலத்தில் விழுந்தாள். பிள்ளைகள் கத்திக்கொண்டு பின்னால் ஓடினார்கள். நான் குனிந்து கையை நீட்டினேன். என்னைப் பார்த்துச் சீறினாள். என் கையில் இருந்து தீன் எடுக்கிறவள், என்னைப் பார்த்துச் சீறினாள்.

இரண்டையும் பெட்டிகளில் வைத்துத் துணியால் மூடி, செடிகளைக் காரில் ஏற்றினேன். அக்கா குளிருக்குள் செருப்போடு ஓடி வந்தார். ரோல்ஸை ஈயத்தாளில் சுற்றிக் கொண்டுவந்து முன் இருக்கையில் வைத்தார். "கோவிக்காதையும் பிள்ளை. நல்லதுக்குத்தானே செய்தனான்" என்றார். அவர் கண்களைப் பார்த்தேன். உண்மையாகத்தான் சொன்னார். பொய்யாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கோபப்படவாவது முடிந்திருக்கும்.

அடுத்த நாளே அந்த வீடியோ வட்ஸ்அப்பில் சுற்றியது. யாரோ அதற்குக் கெட்டிமேளம் சேர்த்திருந்தார்கள். வாய் திறந்தபடி அவள் ஆட, பின்னால் தவிலும் நாதஸ்வரமும். அது அண்ணன் வீட்டுக்கும் போய், அங்கிருந்து மருமகனுக்கும் போயிருக்கிறது. அவன் கூப்பிட்டான்.

"மாமி, நடுவில ஒண்டும் வைக்கேல்லையோ?"

"அட்டை வைச்சனான்."

"அப்ப ஆர் எடுத்தது?"

"ஆரோ எடுத்துப்போட்டினம்."

அவன் என்னை ஏசவில்லை. தண்ணீர் குடிக்கிறாளா என்று மட்டும் கேட்டான்.

குடித்தாள். சாப்பிடவில்லை. மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். வயிற்றில் முட்டைகள் இருக்கின்றன, வெளியே வரவில்லை என்றார். ஆண் சேராமலே பெண்ணுக்கு முட்டை உண்டாகும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்தச் சனிக்கிழமையால்தான் இப்படி ஆனதா என்று கேட்டேன். பயமும் காரணமாக இருக்கலாம், விழுந்ததும் காரணமாக இருக்கலாம், இரண்டும் இல்லாமலும் நடந்திருக்கலாம் என்றார். ஊசி போட்டார். பலன் இல்லை. நவம்பரில், நிலம் இறுகுவதற்கு முன், வீட்டின் பின்பக்க வேலி ஓரமாகக் குழி வெட்டி அவளைத் தாட்டேன். படுக்கையறையில் அவள் கூட்டுக்குப் போட்ட விளக்கைப் பல நாட்களுக்கு நிற்பாட்ட மனம் வரவில்லை.

யாருக்கும் சொல்லவில்லை. ஓர் ஓணானுக்காகத் துக்கம் கொண்டாடுகிறாள் என்ற கதை வேறு வேண்டுமா என்று இருந்துவிட்டேன். தமிழ்க் கடைக்குப் போனால், "உங்கட கலியாண வீடியோ பாத்தனாங்கள்" என்று யாராவது சொல்வார்கள். நானும் சிரிப்பேன்.

அடுத்த கோடையில் தெரிந்தவர்களின் மகள் பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்திய விழாவுக்குப் போனேன். ஹேர்னிங்கில் பெரிய மண்டபம். அக்கா என்னைத் தேடி வந்து பக்கத்தில் இருந்தார். அவருக்கு என்னில் எப்போதும் ஒரு பாசம்.

"என்ன பிள்ளை, உம்மடை ஆக்கள் குஞ்சு ஏதும் பொரிச்சினமோ?"

"சின்னவ செத்துப்போனாள் அக்கா. அதுக்குப் பிறகு கொஞ்ச நாளில."

அக்காவின் கண் கலங்கியது. என் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பிடித்துக்கொண்டார். எதற்குப் பிறகு என்று அவர் கேட்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். "அப்ப மற்றது இப்ப தனியவோ? ஐயோ பாவம். ஒண்டு பாத்து எடுத்து விடுமன்."

நான் பதில் சொல்ல வாய் எடுக்கும்போது விளக்குகள் அணைந்தன. புகை கிளம்பியது. பிள்ளையைப் பல்லக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பன்னிரண்டு பதின்மூன்று வயதிருக்கும். தலை நிமிர்த்த முடியாத நகை. வெளிச்சம் எல்லாம் அவள் மேல் விழ, மண்டபம் முழுவதும் கை தட்டியது. அக்கா என் கையை விட்டுவிட்டுத் தானும் தட்டினார். என் கைகளும் பாதி உயர்ந்தன.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு, எங்கே கைதட்டல் கேட்டாலும் நடுவில் இருக்கிறவரின் முகத்தைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். அது சந்தோசமா பயமா என்று எழும்பிக் கேட்கிற தைரியம் மட்டும் இன்றுவரை எனக்கு வரவில்லை.