மஞ்சள் துணியில் முடிந்து வைத்தது

மருத்துவர் "மாதங்கள்" என்றார். ஆண்டு என்ற சொல்லை அவர் எடுக்கவே இல்லை.

அதுவரை மாதம் என்றால் எனக்குச் சம்பள நாள், அவ்வளவுதான். பணம் வரும், காணாமல் போகும், அடுத்தது வரும். அன்று அந்த அறையில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் மாதங்களும் தீர்ந்துபோகும் என்று உறைத்தது.

போன ஆண்டு தைப்பூசம் முடிந்த வாரம் அது. அம்மாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். ஈசூன் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். நான் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே அப்பா தவறிவிட்டார். பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து என்னைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுவந்தவர் அம்மா. மருத்துவச் செலவுக்கு அவருடைய காப்புறுதி இருந்தது. அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எனக்கு வேண்டியிருந்தது வேறு. கடைசி நாள்களில் அம்மா பக்கத்தில் நான் இருக்கவேண்டும். தஞ்சோங் பகார் அலுவலகத்தில் ஏதோ ஒரு கூட்டத்தில் கைப்பேசியை மேசைக்கடியில் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது. அப்படியென்றால் சம்பளமில்லா விடுப்பு எடுக்கவேண்டும். விடுப்பு எடுத்தால் வீடு எதில் ஓடும்? வங்கிச் செயலியைத் திறந்து பார்த்தேன். நாலு வருடம் வேலை செய்தவளின் கணக்கு மாதிரியே இல்லை அது.

நம் செவ்வாய்க்கிழமைக் கூட்டுவழிபாட்டுக்கு வருகிறவர்களுக்கு என்னைத் தெரியும். எதையும் ஆசையாகத் தொடங்குவேன். மண்பாண்ட வகுப்பு, முக்குளிப்பு, யுகுலேலே, காப்பி இயந்திரம். எல்லாம் பண்டக அறையில் தூங்குகின்றன. அந்த வரிசையில் சேமிப்பும் ஒன்று. மூன்று செயலிகள் வைத்திருந்தேன். மூன்றும் அழகாக இருந்தன. காசுதான் இல்லை.

மறுநாள் மருத்துவமனைப் படுக்கையருகே அம்மாவிடம் அழுதுவிட்டேன்.

"அம்மா, மொத சம்பளம் வாங்கினப்பவே நீங்க சொன்னீங்க. மாசா மாசம் முடிஞ்சா வைன்னு. நானும் பாத்தேம்மா. ஒரு மாசமும் முடியல."

அம்மா என்னையே பார்த்தார். "என்னது? முடிஞ்சாவா?"

"ஆமா. முடிஞ்சா வை."

"அடிப்பாவி! முடிஞ்சா வைன்னு எந்த அம்மாடி சொல்வா? முடிஞ்சு வைன்னு சொன்னேன். முடிச்சு லா, முடிச்சு! மஞ்சத் துணியில காச வச்சு முருகனுக்கு முடிஞ்சு வைக்கறது."

"நீங்க எனக்கு சாய்ஸ் குடுத்திருக்கீங்கன்னு நெனச்சேம்மா."

"சாய்ஸா? உனக்கா? உனக்கு நான் எப்ப சாய்ஸ் குடுத்தேன்?"

அம்மா சிரித்தார். ஊசி போட்ட கை குலுங்கியது. அடுத்த படுக்கைச் சீன ஆன்ட்டி எட்டிப் பார்த்துவிட்டு, என்னவென்று தெரியாமலேயே தானும் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்படியே சிரித்துக்கொண்டிருக்கும்போது இரண்டு பேருக்கும் அழுகை வந்துவிட்டது.

ஒரே ஓர் எழுத்து. பள்ளிக்கூடத் தமிழில் நான் படித்ததெல்லாம் முடியும், முடியாது என்கிற முடிவதுதான். முடிச்சுப் போடுகிற முடிதல் எனக்குத் தெரியாது. எனக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்தபோதெல்லாம் சாமி மாடத்தில் ஒரு மஞ்சள் பொட்டணம் தொங்கும். அதற்கு ஒரு வினைச்சொல் உண்டு என்று யார் யோசித்தார்கள்?

அன்று மாலை நேரே கோயிலுக்குப் போனேன். முருகன் முன்னால் நின்று, "காப்பாத்து, காப்பாத்து" என்று மட்டும்தான் சொல்ல வந்தது. அதைத்தான் பல நாள் கேட்டேன். ஸ்கேன் முடிவுகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் இல்லை என்றது. ஒருநாள், கேட்க வாய் வராமல் நின்றபோது, வேறு வேண்டுதல் தானாக வந்தது. "அந்த நேரம் வரும்போது நான் பக்கத்துல இருக்கணும் முருகா. அதுக்கு மாசா மாசம் என் கை தவறாம நீதான் பாத்துக்கணும். என்னால எதையும் விடாம செய்ய முடியாதுன்னு உனக்கே தெரியும்."

தேக்கா சந்தையில் மஞ்சள் துணி வாங்கினேன். மாசியில் சம்பளம் வந்த அன்றே, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், ஒரு பங்கைத் தனிக் கணக்குக்கு மாற்றினேன். செயலியில் அந்தக் கணக்குக்குப் பெயர் கேட்டது. 'முருகன்' என்று தட்டினேன். வீட்டுக்கு வந்ததும் ஒரு டாலர் வெள்ளிக் காசைத் துணியில் வைத்து முடிந்தேன். முதல் முடிச்சைப் பார்த்துவிட்டு அம்மா, "இது என்ன, பொட்டணமா, பரோட்டாவா?" என்றார். பிரித்து மறுபடி முடிய வைத்தார்.

முடிந்து வைத்தால் அந்தக் காசு நம்முடையது இல்லை. எனக்கு வேலை செய்தது அதுதான். என் காசாக இருந்தால் நான் தொட்டிருப்பேன். சாமி காசை எப்படித் தொடுவது? பொருள் வாங்கும் இணையத்தளங்களை மூடினேன். தோழிகள் ஜப்பான் போனார்கள், நான் போகவில்லை. இதைத் தியாகம் என்று சொல்லமாட்டேன். மாடத்தில் முடிச்சுகள் கூடக்கூட அம்மா மெலிந்துகொண்டே வந்தார். ஒவ்வொரு சம்பள நாளும் இன்னொரு மாதம் போய்விட்டது என்றது. சம்பளம் வராமலே இருக்கக்கூடாதா என்று இருக்கும்.

ஆடியில் ஒருநாள் கைப்பேசியில் ஒரு விளம்பரம் பார்த்தேன். ஏதோ வேரில் செய்த மருந்து. மருத்துவர்கள் கைவிட்ட நோயாளிகள் எழுந்து நடந்தார்களாம். விலை, நான் அதுவரை முடிந்து வைத்தது மொத்தமும். செயலியைத் திறந்தேன். விரல் பொத்தானுக்கு மேல் நின்றது. திரையில் 'முருகன்' என்று இருந்தது. அவனுடைய காசை அவனைக் கேட்காமல் எப்படி எடுப்பது? கேட்டுவிட்டு எடுக்கலாம் என்று கிளம்பிக் கோயிலுக்குப் போனேன். சன்னதியில் நின்றேன். கேட்க முடியவில்லை. அது மருந்து இல்லை என்று உள்ளுக்குள் எனக்குத் தெரிந்தே இருந்தது. அம்மா பிழைக்கமாட்டார் என்பதும் தெரிந்திருந்தது. அதைத்தான் நான் ஒத்துக்கொள்ளவில்லை. தூணோடு சாய்ந்து உட்கார்ந்து தேம்பினேன். முடிந்தது முடிந்தபடியே இருந்தது.

ஐப்பசியில் வீட்டுக்கு வரும் தாதி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே கூடவே இருங்க" என்றார். என் மேலாளர் விடுப்புக்குச் சரி என்று சொல்லிவிட்டார். கணக்கில் மூன்று மாத வீட்டுச் செலவுக்குக் காசு இருந்தது. ஆனால் அதை எடுக்க எனக்குக் கை வரவில்லை. பொங்கோலில் இருக்கும் தோழி ஷர்மியிடம் சொன்னேன்.

"வேண்டுதல் காசு லா மாலு. எடுக்கக்கூடாது. சாமி குத்தம்."

எனக்கும் அதே பயம். அம்மாவிடம் கேட்டேன். அப்போது அவருக்குக் குரல் பாதிதான் வரும்.

"நீ யாருக்கு முடிஞ்சு வச்ச?"

"முருகனுக்கு."

"எதுக்கு?"

"உங்க பக்கத்துல இருக்கறதுக்கு."

"அப்பறம் என்னடி? அவன்கிட்ட குடுத்து வச்சிருக்க. கேட்டு வாங்கிக்க. அவனுக்கு எதுக்கு ஈசூன்ல கரண்ட் பில்லு?"

கந்த சஷ்டி முதல் நாள் முடிச்சுகளை அவிழ்த்தேன். மஞ்சள் ஏறிய வெள்ளிக் காசுகளை உண்டியலில் போட்டேன். கணக்கில் இருந்ததைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சத்தமாகவே கேட்டேன். பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

பிறகு வந்த நாள்கள் முழுவதும் எங்களுடையவை. அம்மாவுக்குத் தலை வாரினேன். நான் வைத்த ரசத்தை ஒரு கரண்டி நக்கிவிட்டு, "பாவம் தக்காளி" என்றார். சன்னலுக்கு வெளியே எம்ஆர்டி ரயில் போகும்போதெல்லாம், "இந்நேரம் நீ அதுல நின்னுக்கிட்டு இருப்ப" என்பார். "இல்லம்மா, இங்கதான் இருக்கேன்" என்பேன். அவர் அதைக் கேட்பதற்காகவே சொல்கிறார் என்று கொஞ்ச நாளில் புரிந்தது. எத்தனை தடவை கேட்டாலும் சொன்னேன். வலி வந்த நாள்களும் இருந்தன. அவற்றை இங்கே எழுத என்னால் ஆகவில்லை.

கார்த்திகையில் ஒரு காலை. வெயில் கட்டில் வரை வந்திருந்தது. அம்மா கண்ணைத் திறந்து என் விரலைத் தேடினார். உதட்டருகே காதை வைத்தேன்.

"நான் குடுத்து வச்சவடி."

இந்த முறை நான் தப்பாகக் கேட்கவில்லை. ஓர் எழுத்துகூடத் தவறவில்லை. மத்தியானத்துக்குள் என் கைக்குள்ளேயே அவர் கை அடங்கிப்போனது.

நான் முதலில் கேட்டதை முருகன் தரவில்லை. அந்த இடம் இன்னும் வலிக்கிறது. நம் கூட்டுவழிபாட்டில் நோய் குணமானவர்கள் அனுபவம் சொல்லும்போது எழுந்து வெளியே போய்விடலாமா என்று தோன்றும். ஆனால் இரண்டாவதாகக் கேட்டதை எனக்குத் தந்தான். எதையும் பாதியில் விடுகிற என் கையை மாதம் தவறாமல் பிடித்துக்கொண்டான். அந்தக் கடைசிக் காலையில் நான் தஞ்சோங் பகாரில் இல்லை. அம்மா பக்கத்தில் இருந்தேன். அது என் கெட்டிக்காரத்தனம் என்று சொன்னால் பண்டக அறை யுகுலேலேகூடச் சிரிக்கும்.

அம்மா போய் ஓராண்டு ஆகாததால் இந்தத் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கவில்லை. சிராங்கூன் சாலையில் ஓரமாக நின்று, போகிறவர்களின் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி வேலைக்குப் போகிறேன். சம்பளம் வருகிறது. வந்த அன்றே, சாப்பிடும் முன், 'முருகன்' கணக்குக்குப் போகிறது. மாலையில் ஒரு காசை முடிகிறேன். எதற்கு என்று கேட்டால் இப்போது என்னிடம் பதில் இல்லை. முடிச்சு இன்னும் பரோட்டா மாதிரிதான் வருகிறது. சொல்லத்தான் ஆள் இல்லை.

என்னைப் போலக் கையில் எதுவும் நிற்காதவர்கள் உங்களில் இருப்பீர்கள். சின்னத் தொகையாக இருக்கட்டும். செலவெல்லாம் போக மிஞ்சியதை அவனுக்கு வைக்காதீர்கள், மிஞ்சாது. வந்ததும் அவன் பெயரைச் சொல்லி அவனிடம் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு அது தேவைப்படும் நாளை அவன் அறிவான். அன்றைக்குக் கேளுங்கள், தருவான்.

முடிஞ்சா வைக்காதீர்கள். முடிஞ்சு வையுங்கள்.