மதிலோரத்து ஊதாப்பூ

வாயோரம் இரண்டு குண்டூசி, கழுத்தில் இன்ச் டேப். தையல்காரம்மா விடிந்ததும் கொல்லையில் குந்தி, ஊதாப்பூ எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று அளப்பாள். "நேத்து அம்பது இன்ச்சு, இன்னைக்கு அம்பத்தாறு! இது செடியா, சனியனா?" துவைக்கும் கல்லில் சாக்குக்கட்டியால் கணக்குக் கோடு வேறு.

பூ அழகுதான், யார் இல்லையென்றது? ஆனால் தக்காளிப் பாத்தியை விழுங்கிவிட்டது, கீரையை விழுங்கிவிட்டது, இப்போது பின்வாசல் படியில் ஏறிக்கொண்டிருக்கிறது. துணி தைக்கக் கொடுக்க வந்தவர்களிடமும், சாப்பிடக் கூப்பிடும் புருஷனிடமும் இதே புலம்பல்தான். யாருக்காகவும் வாயிலிருக்கும் குண்டூசியை மட்டும் எடுக்கமாட்டாள்.

மதிலோரம்தான் செடி அடர்த்தி. அப்படியானால் பக்கத்து வீட்டு அக்காதானே காரணம்? இருபது வருஷமாக மதில் சந்து வழியாகக் குழம்பும் ஊர்வம்பும் கைமாற்றிக்கொண்டவர்கள். "உன் வீட்டுச் செடிய உன்னோடயே வெச்சுக்கக்கா!" என்று கத்தி, அந்தச் சந்தில் தகரம் வைத்து நாலு ஆணி அறைந்துவிட்டாள். "நான் அதை நட்டதே இல்லடி" என்று அக்கா சொன்னது எடுபடவில்லை. ஆறு மாதமாகப் பேச்சில்லை. வம்பு பேச ஆளில்லாமல் தவிப்பது இவள்தான், ஒப்புக்கொள்வாளா என்ன!

பிடுங்குவதற்கும் ஒரு முறை வைத்திருந்தாள். வேரோடு பிடுங்கி, மதிலோரம் குவித்து, காயவிட்டு, சீக்கிரம் மக்கட்டும் என்று தினமும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவாள். ஊற்றிய கையோடு, திரும்பிப் பாராமல் மெஷினுக்கு ஓடிவிடுவாள்.

நேற்று ஊற்றியபோது டேப் நழுவிக் குவியலில் விழுந்தது. குனிந்தாள். டப்! கன்னத்தில் ஏதோ சுள்ளென்று அடித்தது. டப், டப், டப். காய்ந்த காய்களெல்லாம் தண்ணீர் பட்டதும் வெடித்து, விதைகள் நாலாபக்கமும் தெறித்தன. நம்பமுடியாமல் இன்னொரு கை தண்ணீர் தெளித்தாள். டப்! அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாளி உருண்டது.

"அடிப்பாவி, நானா? இத்தனை நாளும் நானேவா விதைச்சுக்கிட்டு இருந்தேன்?"

டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, உள்ளே போய்க் குறடு எடுத்துவந்தாள். ஒவ்வோர் ஆணியாகப் பிடுங்கினாள். நாலாவது கழன்றதும் தகரம் சாய்ந்தது. அந்தப் பக்கம் ஈரத்துணியும் கையுமாக அக்கா.

"என்னடி, இதைவிடப் பெரிய தகரமா அடிக்கப் போறியா?"

தையல்காரம்மா வாயிலிருந்த இரண்டு குண்டூசிகளையும் எடுத்து டேப்பில் குத்திக்கொண்டாள்.