எழுநூற்றைம்பது மில்லி வெள்ளம்

அண்ணன் பார்க்க விரும்பிய இடங்களின் பட்டியல் என் நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது. பத்மநாபபுரம் அரண்மனை, திற்பரப்பு அருவி, மாத்தூர் தொட்டிப்பாலம், முட்டம், சிதறால் மலை, சொத்தவிளைக் கடற்கரை, கன்னியாகுமரி. ஏழில் மூன்றுக்குத்தான் போக முடிந்தது. அவர் இறந்து இரண்டு ஆண்டு ஆகிறது.

எல்லாமே தக்கலையில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காலையில் கிளம்பினால் மதியச் சோற்றுக்குத் திரும்பிவிடக்கூடிய இடங்கள். வெளியூர்க்காரர்கள் இரண்டே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ரயிலேறிவிடுவார்கள். அண்ணன் பார்த்ததில்லை. இருபத்தாறு வருடம் வளைகுடாவில் இருந்தார். விடுமுறைக்கு வந்த ஒவ்வொரு மாதமும் ஒரு காரியத்துக்குப் போனது: வீட்டுக்குக் கான்கிரீட், என் கல்யாணம், அப்பாவின் அடக்கம், பிள்ளைகளின் ஞானஸ்நானம். ஆனால் அங்கே ஓர் அறையில் உடன் தங்கியவர்களிடம் இந்த இடங்களைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார், பலமுறை போய்ப் பார்த்தவரைப் போல.

"எல்லாம் வாய்க்கு வந்தபடி பறஞ்சது, மக்கா," என்றார். "சரியாத்தான் பறஞ்சேனாண்ணு ஒருதரம் பாத்துக்கிடணும்."

இரண்டு சிறுநீரகமும் கெட்டுத்தான் ஊருக்குத் திரும்பியிருந்தார். திங்கள், புதன், வெள்ளி நாகர்கோவிலில் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு எழுநூற்றைம்பது மில்லி மட்டும் குடிக்கலாம். காபி, ரசம், கஞ்சித் தண்ணீர், மாத்திரை விழுங்குகிற மடக்கு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மிஞ்சினால் வெளியேற வழியில்லாமல் உடம்பில் தங்கி மூச்சை அடைக்கும். அண்ணனின் மனைவியால், எங்கள் மைனியால், அவரிடம் கண்டிப்பாக இருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டில் இருந்த என்னிடம் அந்த வேலை வந்தது. கோடு போட்ட டம்ளரில் அளந்து கொடுத்து, நேரத்தோடு நோட்டில் எழுதி வைத்தேன். 6.10, காபி, 100. 8.30, கஞ்சித் தண்ணீர், 120.

எங்கள் பக்கத்தில் குடிக்கிற தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பேர். முதல் வாரம் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸாக இருந்த சேலத்துப் பெண்ணிடம் அண்ணன், "கொஞ்சம் வெள்ளம் தா மக்கா" என்று கேட்டபோது அவள் பதறிப்போய்த் தரையைப் பார்த்தாள். பிறகு அவளும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். உடம்பில் எவ்வளவு தண்ணீர் தங்கியிருக்கிறது என்று அறிய எடை பார்க்கும்போதெல்லாம், "சார், இன்னிக்கு வெள்ளம் எத்தனை கிலோ?" என்பாள்.

நான் அலுவலகம் போகிறவள். எனவே சனிக்கிழமைகளில் ஆட்டோ வைத்துக் கிளம்பினோம். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில்தான் இடைவெளி அதிகம்; அந்த இரண்டு நாளும் கூடுதல் கவனம் வேண்டும்.

முதல் சனி அரண்மனை. தரையில் முகம் பார்க்கலாம் என்று அறைக்காரர்களிடம் சொல்லியிருந்தாராம். குனிந்து பார்த்தார். மங்கலாகத் தெரிந்தது. "இது சரி," என்று நிமிர்ந்தார். குறுகலான மரப்படிகளில் ஏற மூச்சு இடம்கொடுக்கவில்லை. நான் மட்டும் மேலே போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வந்தேன்.

இரண்டாம் சனி திற்பரப்பு. ஊசி குத்துகிற இடது கையைப் பாலிதீனில் சுற்றிக்கொண்டு குளிக்க மருத்துவர் சம்மதித்திருந்தார். அங்கே ஆண்களுக்குத் தனியிடம், பெண்களுக்குத் தனியிடம். அவர் போன நேரத்தைக் குறித்துக்கொண்டேன். இருபத்திரண்டு நிமிடம் கழித்துக் கண் சிவந்து வந்தார். அவ்வளவு தெளிந்த முகத்தோடு அவரை நான் அந்த வருடத்தில் பார்த்ததில்லை. மறுநாள் அறுநூறு மில்லிக்கு மேல் கேட்கவில்லை. தாகம் குறைந்திருக்கிறது என்று சந்தோஷமாக எழுதினேன்.

திங்கள் விடிந்தபோது அவரால் படுக்க முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறினார். ஆஸ்பத்திரியில் எடை நாலு கிலோ முந்நூறு கூடியிருந்தது. சேலத்துப் பெண் என்னைப் பார்த்து, "அக்கா, நீங்க எழுதினது தப்பா, இந்த மிஷின் தப்பா?" என்றாள். நோட்டை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. ஆக்சிஜன் வைத்து, சாயங்காலம்வரை அங்கேயே வைத்திருந்தார்கள்.

"நான் குடிக்கல, மக்கா," என்றார் அண்ணன், பேச்சு திரும்பியதும். "வாயத் தொறந்து நின்னேன். அது தானா உள்ள போச்சு."

"இருவத்தாறு வருசம் பாலைவனத்துல கெடந்த மனுசன்," என்றார் மைனி. "ஊருக்கு வந்து வெள்ளம் குடிச்சா சாவப் போறிய?"

பட்டியலை மூடினேன். இனி எங்கும் போக வேண்டாம் என்றேன். அடுத்த ஐந்து சனிக்கிழமையும் அவர் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, ரோட்டில் போகிற சுற்றுலா வேன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் மறுப்பது எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் உயிருக்குப் பயந்துதான் மறுக்கிறேன் என்று நம்பினேன். என் நோட்டு பொய்யாகிப்போன கோபமும் அதில் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம்.

ஆறாவது வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கேட்டார்: "அந்த அளவு டம்ளரை எனக்கிட்ட தாறியா?"

"எதுக்கு அண்ணே?"

"இனிமே நானே அளக்கேன். எனக்க வாயி, எனக்க வெள்ளம். நாளைக்கு மாத்தூருக்குப் போவணும். நீ வந்தா வா, இல்லைண்ணா ஆட்டோக்காரனக் கூட்டிட்டுப் போவேன்."

இன்னொரு திங்கட்கிழமை அப்படி விடிந்தால் அவர் பிழைக்க மாட்டார் என்று மருத்துவர் என்னிடம் சொல்லியிருந்தார். அண்ணனுக்கும் அது தெரியும். டம்ளரைக் கொடுத்தேன். காலையில் அவரே இருநூறு மில்லி அளந்து ஒரு சிறிய பாட்டிலில் ஊற்றித் தோளில் மாட்டிக்கொண்டார்.

மாத்தூரில் இரண்டு குன்றுகளுக்கு நடுவே, மிக உயரத்தில், கால்வாயையே தூண்களின் மேல் ஏற்றிக் கொண்டுபோயிருக்கிறார்கள். பக்கத்தில் நடைபாதை. தென்னைகளின் உச்சி நம் காலுக்கு வெகு கீழே தெரியும். அண்ணன் பாதையின் அகலத்தைப் பார்த்துவிட்டு நின்றார்.

"ரெண்டு லாரி எதிரும்புதிருமா போவும்ணு பறஞ்சிட்டேனே."

"யாருக்கிட்ட?"

"ஒரு பங்களாதேஷ்காரன். பாவம், நம்பிட்டான்."

கால்வாசித் தூரத்தில் களைத்துப்போய்த் தொட்டியின் ஓரமாக உட்கார்ந்தார். மேலே மூடியிருந்த பலகைகளுக்கு இடையில், கை நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. உள்ளே மழைக்காலத்துத் தண்ணீர் நிறைந்து, கரையை உரசிக்கொண்டு ஓடியது. நானும் உட்காரப் போனேன்.

"நீ அந்தக் கரைவரை போயிட்டு வா. நான் இங்க இரிக்கேன்."

"வேண்டாம் அண்ணே, நானும் இங்கயே..."

"போடி." குரலில் கோபம் இல்லை.

போனேன். திரும்பிப் பார்க்காமல் நடப்பது கடினமாக இருந்தது. மறுகரையில் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் நின்றேன். கீழே ஆற்றில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அடிக்கும் சத்தம் மேலே வரவில்லை.

திரும்பி வந்தபோது அவர் அதே இடத்தில் இருந்தார். வலது கைச் சட்டை முழங்கைக்கு மேல்வரை நனைந்து சொட்டியது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கை கொடுத்து எழுப்பினேன். ஞாயிறு அவரே அளந்து குடித்தார். எவ்வளவு என்று நான் விசாரிக்கவில்லை. அன்று முழுவதும் பக்கத்து வீட்டிலிருந்து அவருடைய இருமலுக்குக் காது கொடுத்திருந்தேன்.

திங்கள் அரைநாள் விடுப்பு எடுத்து நானும் நாகர்கோவிலுக்குப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு எடை மெஷினில் ஏறி நின்றார். சேலத்துப் பெண் குனிந்து பார்த்தாள்.

"ஒன்னு எண்ணூறுதான் கூடியிருக்கு. இப்படியே இருங்க சார்."

இறங்கி, காலால் செருப்பைத் துழாவிக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "கைய மட்டுந்தான் விட்டேன், மக்கா. நல்ல குளிர்ச்சி."