மூடினால் என்ன செய்வியள்?

“உங்கட கொம்பனி இன்னும் எத்தினை நாளைக்குத் தாக்குப்பிடிக்கும், தங்கச்சி?” என்று சிரித்தபடி கேட்டார் அவர். மலிவு இன்டர்நெற்றை வீடு வீடாக விற்பவர். சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியொன்றில், எங்கள் கொம்பனியின் இணைப்பை நிறுத்தச் சொன்ன அன்ரியின் வீட்டில் அவரைச் சந்தித்தேன். தலைமயிரைப் படிய வாரியிருந்தார். தேத்தண்ணி குடித்த கோப்பையைத் தானே கழுவி வைத்தார். எந்த வீட்டிலும் அப்படித்தானாம்.

“நாங்கள் மூடப்போறம் எண்டு அன்ரிக்குச் சொன்னீங்களோ, அண்ணை?”

“சொல்லேல்லை. மூடினால் என்ன செய்வியள் எண்டுதான் கேட்டனான்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்களுடையது சின்னக் கொம்பனி. அவருடைய பெரிய கொம்பனியின் வயரை வாடகைக்கு எடுத்துத்தான் நடத்துகிறோம். அந்த வாடகையை விடக் குறைந்த விலைக்கு அவர்களே வீடுகளுக்குக் கொடுத்தால் நாங்கள் எப்படி மிஞ்சுவது?

“படிச்ச பிள்ளை நீ. எங்களிட்டை வாவன்.”

“எங்கட வீட்டிலை முதன்முதல் படிச்சவள் நான். வயசான ஆக்களைப் பயப்பிடுத்தவோ படிச்சனான்?”

அவர் கோபிக்கவே இல்லை. “வெளியிலை பனி, வழுக்கும், பார்த்துப் போ” என்று சொல்லிவிட்டு லிப்ட்டுக்கு நடந்தார். அந்த அக்கறை உண்மையா, அதுவும் விற்பனையா என்று இன்றும் எனக்குப் பிடிபடவில்லை.

“அப்ப நீங்கள் மூடேல்லையோ, பிள்ளை?” என்றார் அன்ரி.

“இல்லை அன்ரி” என்றேன். அங்கேயும் அதே கேள்வியைக் கேட்டிருப்பார் என்று, அவருக்கு லிப்ட் வருவதற்குள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டேன்.