கெடு தவறாத பதில்

என்னோடு வேலை பார்த்தவருக்கு ஜெட் என்று பட்டப்பெயர். வேகத்தைப் பார்த்து வைத்தது நான்தான். நகராட்சிகள் கட்டட அனுமதி கேட்பவர்களுக்குக் கெடுவுக்குள் பதில் சொல்கின்றனவா என்று பார்ப்பதும், பின்தங்கியவற்றைக் கைதூக்கி விடுவதும் எங்கள் இருவர் வேலை. நான் கணக்குப் பார்ப்பேன், அவர் பேசுவார். அவர் பேசினால் தூங்குமூஞ்சி அலுவலகம்கூட எழுந்து உட்காரும். மேசை மேசையாகப் போய், எந்த ஃபைல் யாரிடம் எதற்காகக் கிடக்கிறது என்று பொறுமையாகக் கேட்பார். உழைப்பில் அவரைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும்.

ஆனால் ஒரு குறுக்கு வழியும் வைத்திருந்தார். அதென்ன என்கிறீர்களா? கெடு நெருங்கியும் ஏதாவது ஒரு பிரிவின் ஒப்புதல் வந்து சேரவில்லை என்றால் காத்திருக்காதீர்கள், மறுத்துவிடுங்கள் என்பார். "வேண்டாம்ங்கறதும் முடிவுதாங்க" என்று கண்ணடிப்பார். கூட்டம் சிரிக்கும். நானும் வெட்கமில்லாமல் சிரித்திருக்கிறேன். மறுப்பும் எங்கள் கணக்கில் கெடு தவறாத பதில்தான். பட்டியலின் கடைசியில் கிடந்த நகராட்சிகள் மளமளவென்று மேலே ஏறின. மேலிடம் எங்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. மறுக்கப்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை, எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஜெட்டின் அக்கா பக்கத்து ஊரில் இருந்தார். அவர் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்துவிட்டன. குளியலறை இருந்தது மாடியில். அவரைக் கைத்தாங்கலாக ஏற்றி இறக்க அக்காவுக்குத் தெம்பில்லை. கீழேயே ஒரு சின்ன அறையும் குளியலறையும் கட்டலாம் என்று பிளான் போட்டு, தம்பிக்குக்கூடத் தெரியாமல் விண்ணப்பித்திருந்தார்.

ஒரு நாள் மதியம் அக்கா எங்கள் அலுவலகத்துக்கே வந்து நின்றார். அனுமதி இல்லையென்று சொல்லிவிட்டார்களாம். கழிவுநீர்ப் பிரிவின் ஒப்புதல் வரவில்லை என்று காரணம். ஜெட் அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்தார், முகம் செத்துவிட்டது. நாங்கள் போன வருஷம் கைதூக்கி விட்ட நகராட்சி அது.

"நான் எதைத் தப்பா எழுதினேன்னு மட்டும் பார்த்துச் சொல்லுடா" என்றார் அக்கா. "மாமாவை ஈரத்துணியாலதான் துடைச்சு விடறேன். அந்த நேரம் அவரு சுவத்தைப் பார்த்துத் திரும்பிக்குவாரு. தன் கையால தண்ணி ஊத்திக்கணுமாம். வேற ஒண்ணுமே கேக்கலை."

தம்பி பேரைச் சொல்லிக் காரியம் சாதித்தாள் என்று யாரும் பேசிவிடக் கூடாதே என்றுதான் முதலிலேயே சொல்லவில்லையாம். அதைக் கேட்டு எனக்கே முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அக்கா மேல் தப்பில்லை என்பது வரைக்கும் ஜெட் சொன்னார். மறுக்கச் சொல்லிக் கொடுத்ததே தான்தான் என்று சொல்ல வாய் எழவில்லை. நகராட்சிகளையே பேசிக் கரைத்த வாய்!

மறுநாள் என் காரில் மூவரும் அந்த நகராட்சிக்குப் போனோம். உள்ளே போவதற்கு முன் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாக ஜெட் என் காதில் கிசுகிசுத்தார். சொல்லவில்லை. எங்களைப் பார்த்ததும் கவுன்ட்டரில் இருந்த இளம்பெண் பதறி எழுந்து, நாற்காலி போட்டு, டீயும் வரவழைத்தார். அக்காவின் ஃபைலைப் புரட்டிவிட்டு, பிளானில் ஒரு குறையும் இல்லை என்றார். கழிவுநீர்ப் பிரிவின் ஒப்புதல் மறுப்பு போன மறுநாளே வந்துவிட்டதாம். இருந்தாலும் போனது போனதுதான், புதிதாக விண்ணப்பித்து வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும்.

"அந்த ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதாம்மா?" என்று அக்கா கேட்டார்.

அந்தப் பெண் பெருமையாக ஜெட்டைக் காட்டினார். "சார் சொல்லிக் குடுத்ததும்மா. கெடு தாண்டற மாதிரி இருந்தா மறுத்துடணும்னு. அதுக்கப்புறம்தான் எங்க ஆபீஸே தலை நிமிர்ந்துச்சு."

பாவம், அவர் பாராட்டத்தான் செய்தார். ஜெட் கூனிக் குறுகித் தரையைப் பார்த்தார். அக்கா தம்பி பக்கம் திரும்பவே இல்லை. புது விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கி, நிதானமாக நிரப்பிக் கையெழுத்துப் போட்டார். டீயைக் குடிப்பதா வைப்பதா என்று தெரியாமல் நான் அதைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வரிசையைத் தாண்டி இவர்களுக்கு முதலில் கொடுங்கள் என்று கேட்கவும் எங்கள் இருவருக்கும் வாயில்லை.

கார்க் கதவைத் திறந்துவிட்டு ஜெட் அப்படியே நின்றார். நாலு வார்த்தை திட்டிவிடச் சொல்லி அக்காவிடம் கெஞ்சினார். அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"மாமாகிட்ட மட்டும் இதைச் சொல்லிடாதடா" என்றார். "மறுத்துட்டாங்கன்னு சொன்னப்ப அவரு என்ன சொன்னாரு தெரியுமா? என் மச்சான் அந்த ஆபீஸ் பக்கம் ஒரு தடவை போயிருந்தாக்கூட இப்படி நடந்திருக்காதுன்னாரு."