காகத்தோடு கதைக்காத வேலை

எண்பத்தேழில் லண்டனில், ஹவுன்ஸ்லோ பக்கத்தில், காயம்பட்ட காட்டுப் பறவைகளைப் பராமரிக்கும் ஒரு சின்ன நிலையத்தில் எனக்கு வேலை கிடைத்தது. கூண்டு கழுவுவது, குஞ்சுகளுக்குத் தீனி கொடுப்பது. சுப்பர்வைசர் கமலா அக்கா மலேசியாக்காரர். முதல் நாளே கண்டிப்பாகச் சொன்னார்:

"குஞ்சுங்ககிட்ட பேசக்கூடாது. முகத்தையும் காட்டக்கூடாது. திரைக்குப் பின்னால நின்னுதான் ஊட்டணும்."

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. ஊரில் சனிக்கிழமை விரதத்தில் "கா... கா..." என்று கூப்பிட்டுச் சோறு வைத்த பிறகே சாப்பிட்டவள் நான். காகத்தைக் கூப்பிடாமல் சாப்பாடு கொடுப்பதா?

ஒரு நாள், கூட்டிலிருந்து விழுந்த காகக் குஞ்சொன்று வந்தது. இறகு இன்னும் சரியாக முளைக்கவில்லை. வீட்டில் இவருக்கு இரவு ஷிப்ட், எனக்குப் பகல் ஷிப்ட். கதைக்க ஆளில்லாமல் கிடந்த எனக்கு வேறென்ன வேண்டும்? அக்கா அந்தப் பக்கம் போனதும் திரையை விலக்கி, "கா... கா... வாயைத் திறவுங்கோ ராசா" என்று கையால் ஊட்டினேன்.

மூன்று கிழமையில் வினை தெரிந்தது. மற்றக் காகங்களோடு விட்டால் பயந்து மூலையில் ஒதுங்கியது. என்னைக் கண்டதும் தோளில் ஏறி வாயைப் பிளந்தது.

"பேசினீங்களா?" என்றார் அக்கா.

"ஓம்."

"அது உங்களத்தான் தன்னோட இனம்னு நினைச்சுக்கிட்டிருக்கு. வெளிய விட்டா யார் தோள்லயாவது போய் உக்காரும், அடிச்சுக் கொன்னுடுவாங்க. விடலன்னா ஆயுசுக்கும் கூண்டுதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "இனி மாத்த ஏலாதோ அக்கா?"

"சின்னதுதானே, பார்க்கலாம். ஆனா நீங்க வாயே திறக்கக்கூடாது."

அதன் காலில் சிவப்பு வளையம் மாட்டி, நான்கு காகங்கள் இருந்த பெரிய கூண்டில் விட்டோம். கதவுக்குக் கீழே தட்டைத் தள்ளிவிட்டு நான் ஓடி வந்துவிடுவேன். என் காலடிச் சத்தம் கேட்டாலே அது கத்தும். பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பேன். ஒரு கிழமைக்குப் பிறகு, மற்றவை தின்பதைப் பார்த்துத் தானும் தட்டுக்கு வந்தது. கோடை முடிய ஐந்தையும் திறந்துவிட்டோம்.

அடுத்த மாதம் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு காகங்கள். ஒன்றின் காலில் சிவப்பு வளையம். "கா" என்று நுனி நாக்கு வரை வந்ததை விழுங்கிக்கொண்டு ஓரடி வைத்தேன். என்னைக் கண்டு வெருண்டு, மற்றதோடு சேர்ந்து பறந்துவிட்டது.

உள்ளே ஓடினேன். "அக்கா, அது என்னைக் கண்டு பயந்திட்டுது!" அவரின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

பிறகு பல வருடம் அங்கேயே வேலை செய்தேன். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்வேன்: குஞ்சில் ஆசை என்றால் வாயை மூடுங்கள். இப்போதும் சனிக்கிழமைகளில் பின்வளவில் சோறு வைக்கிறேன். கூப்பிடுவதில்லை. வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுவேன்.