பாக்கியலட்சுமி சொன்ன இந்திப் படங்கள்

மண்டி மொஹல்லாவில் ரத்தினசாமியைவிடப் பெரிய பொறாமைக்காரர் கிடையாது. மனைவி பாக்கியலட்சுமி காய்காரனிடம் ஒரு வார்த்தை கூடுதலாகச் சிரித்துப் பேசிவிட்டால், அன்றைக்குக் கத்தரிக்காய் கசக்கும் அவருக்கு. அப்பேர்ப்பட்ட மனிதருக்குப் பிடித்ததோ பழைய இந்திப் படம். இரண்டு நண்பர்கள், ஒரு பெண், ஒரு பியானோ. ஒருவன் பாட, மற்றவன் தூணுக்குப் பின்னால் நின்று கருக வேண்டும். ரயில்வே பணிமனையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இதுதான் வேலை.

அவருக்கு இந்தி சுட்டுப்போட்டாலும் வராது. பாக்கியலட்சுமி வடக்கே இடார்சி ரயில்வே காலனியில் இந்தி பேசி வளர்ந்தவள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் வசனத்தைத் தமிழில் சொல்லச் சொல்ல இவர் பார்ப்பார். பியானோக்காரன் கண்ணீர் மல்கக் காதலைச் சொல்வான். கதாநாயகி என்ன சொல்வாள்?

"'போய்யா, உன் பியானோவா சோறு போடும்? முன்கோபியா இருந்தாலும் எனக்கு என் வீட்டுக்காரரே போதும்'ங்கறா."

ரத்தினசாமி தொடையைத் தட்டுவார். வடக்கத்திப் பெண்கள்மேல் அவருக்கு அபார மரியாதை.

போன மாதம் பாக்கியலட்சுமிக்குத் தொண்டை கட்டிப் பேச்சே எழவில்லை. மகள் ரூபா, அப்பாவுக்கு உதவுகிறேன் பேர்வழி என்று, டி.வி.யின் அடியில் ஆங்கில எழுத்து ஓடும்படி செய்துவிட்டுப் பெங்களூர் போய்விட்டாள். பலதடவை பார்த்த அதே படம். எழுத்துக் கூட்டிப் படித்தவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். 'அப்பாவின் வாக்குக்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன், என் மனதில் இருப்பது நீதான்' என்று பியானோக்காரன் தோளில் சாய்ந்து அழுகிறாள், துரோகி!

இதைப் பாக்கியம் ஏன் மறைத்தாள்? இடார்சியில் இவளை முதலில் பெண் பார்த்துவிட்டுப் போனவன் ஒருத்தன் உண்டு. ஸ்டேஷன் மாஸ்டர் மகன். ஆர்மோனியம் வாசிப்பான். ஆர்மோனியத்துக்கும் பியானோவுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

சால்வையைப் போர்த்திக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். இரண்டு நாள் காபியைத் தொடவில்லை. தியாகம் செய்துவிடலாமா என்றுகூட யோசித்தார். அந்த ஆள் இப்போது எங்கே இருக்கிறான் என்றுதான் தெரியவில்லை. அவளுக்குக் குரல் கொஞ்சம் திரும்பியதும் கேட்டேவிட்டார்.

"வசனத்தை ஏன் மாத்திச் சொன்னே? உன் மனசுல அந்த ஆர்மோனியக்காரனா?"

"ஐயோ, சும்னிரி!" என்று அக்கம்பக்கத்தில் பழகிய கன்னடத்தில் வாயை அடைத்தாள். "கல்யாணமான புதுசுல உள்ளபடியேதான் சொன்னேன். அன்னைக்கு நீங்க ராத்திரி சாப்பிடலை. 'உன்னையும் உங்கப்பாதானே கட்டிவெச்சார்'னு காலைல கேட்டீங்க. அதுலேர்ந்து உங்களுக்கு எது தாங்குமோ அதைத்தான் சொல்றேன்."

"அப்போ 'எனக்கு என் வீட்டுக்காரரே போதும்'னது?"

"அதை எந்த இந்திக்காரி சொல்லுவா? நான்தான் சொன்னேன். மூஞ்சிக்கு நேரா சொல்ல வெட்கமா இருந்துது. படத்துமேல பழியைப் போட்டுச் சொல்லிட்டேன்."

ரத்தினசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. எவளோ எவனிடமோ சொன்னதாக நினைத்துத் தொடையைத் தட்டியதெல்லாம் தனக்குச் சொன்னதா! ரிமோட்டை எடுத்து அமுக்கு அமுக்கென்று அமுக்கினார். எழுத்து போகிற வழியாக இல்லை. கடைசியில் தோளில் கிடந்த துண்டை எடுத்து, டி.வி.யின் கீழ்ப்பாதி மறையும்படி செருகிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ம், சொல்லு."

திரையில் கதாநாயகி விம்மி விம்மி அழுதாள். பாக்கியலட்சுமி கரகரத்த குரலில் சொன்னாள்: "'ரெண்டு நாளா அவர் காபி குடிக்கலை, நான் வீட்டுக்குப் போறேன்'ங்கறா."

"நல்ல பொண்ணு" என்றார் ரத்தினசாமி.